எண்ணெய்க்கும் காய்ச்சல் வரும்

ரசப்பொடி, குழந்தைக்குச் சளி, தலைமுடி உதிர்தல் என்று எழுதுகிற பக்கத்தில் கார் இன்ஜின் ஆயிலைப் பற்றி எழுத வந்துவிட்டாளே ஒருத்தி என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. 2023-க்கு முன்னால் யாராவது இப்படி எழுதியிருந்தால் நானும் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த சமையல் குறிப்புக்குத்தான் போயிருப்பேன். என்ன செய்வது, காரும் நம் வீட்டுச் சாமான்தானே? மிக்ஸி ஜார் கசிந்தால் நாம்தான் கவனிக்கிறோம். கார் கசிந்தால் மட்டும் ஏன் கவனிக்கக் கூடாது?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கார். சின்ன டர்போ பெட்ரோல் கார். காலையில் பெரியவனையும் சின்னவளையும் பள்ளிக்கூடத்தில் விடுவது, காய்கறி வாங்குவது, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் என் மாமியாரை டயாலிசிசுக்கு அழைத்துப் போவது, எல்லாம் அதில்தான். ஓட்டுவது பெரும்பாலும் நான். அத்தைக்கு 72 வயது. ஒரு தடவை இயந்திரத்தில் படுத்தால் நாலு மணி நேரம். எழுந்து வரும்போது அவருக்குக் கால் துவளும். பஸ், ஆட்டோ எல்லாம் கதைக்கு ஆகாது.

இந்தக் காரைத்தான் என் வீட்டுக்காரர் மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் கார் பந்தயப் பாதை ஒன்று இருக்கிறது. 1990-இல் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. பந்தயம் இல்லாத சில நாட்களில் பணம் கட்டினால் நம் சொந்தக் காரையே அதில் ஓட்டலாம். 'டிராக் டே' என்று அதற்குப் பெயர். போட்டியில்லை, பரிசில்லை. வேகமாக ஓட்டிவிட்டு வியர்த்துக் கொட்ட வீட்டுக்கு வருவது, அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று முதல் தடவை கேட்டேன். "தெருவுல வேகமாப் போகாம இருக்கறதுக்குத்தான் இந்தக் காசு" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

2023 ஜனவரியில் முதல் தடவை போய்விட்டு வந்தார். பானெட்டிலிருந்து அடுப்பில் எண்ணெய் காந்திய மாதிரி ஒரு வாடை. "சூடா ஓடியிருக்கு, அப்படித்தான் இருக்கும்" என்றார். தண்ணீர் முள் நடுவிலேதான் நின்றதாம். அதனால் கவலையில்லையாம். நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. விடிகாலை ஐந்தரை மணி. அத்தையை ஏற்றிக்கொண்டு போரூர் சிக்னலில் நிற்கிறேன். முன்னால் பலகையில் சிவப்பாக ஒரு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. அலாவுதீன் விளக்கு மாதிரி, மூக்கு நுனியில் ஒரு சொட்டோடு ஒரு படம். பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் அணைந்துவிட்டது. அடுத்த இடத்தில் பிரேக் போட்டேன், மறுபடியும் எரிந்தது. எனக்கு அப்போது அது என்னவென்றே தெரியாது. ஆனால் சிவப்பு விளக்கு நல்ல சேதி சொல்லாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

அரை மணி நேரம் கழித்துத்தான் ஆட்டோ கிடைத்தது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் எங்கள் நேரம் தவறி, வேறொருவர் இயந்திரத்தில் படுத்துவிட்டார். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் அத்தைக்கு இடம் கிடைத்தது. சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று நாள் ஆகியிருந்தது. அதற்குள் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அந்த வராந்தாவில் காத்திருந்த ஏழு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் மெக்கானிக் பாய் வந்து ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். கீழ்க் கோட்டுக்கும் கீழே, நுனியில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். தார் மாதிரி கறுப்பு. "நீங்க நிறுத்தினதுதாம்மா நல்லது. இன்னும் அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தீங்கன்னா பேரிங்கெல்லாம் போயிருக்கும். அப்புறம் இன்ஜினையே பிரிக்கணும்" என்றார். அதிகச் சூட்டில் ரப்பர் கேஸ்கெட் ஒன்று கெட்டியாகி வெடித்து, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. பாதையில் ஓட்டும்போதே கொஞ்சம் ஆவியாகவும் போயிருக்கிறது. போய் வந்தபிறகு யாரும் அளவு பார்க்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் நடந்ததை முழுக்க எழுதினால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். நான் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "இந்த விளையாட்டை விட்டுடுங்க. இல்லைன்னா அந்த வண்டியை ஒழுங்கா வெச்சுக்கற வித்தையைக் கத்துக்குங்க. ரெண்டும் இல்லாம நடுவுல நிக்காதீங்க."

ஆச்சரியம் என்னவென்றால், அவருக்காகப் பரிந்து பேசியது அத்தைதான். "அவங்க அப்பா இவனைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு சோழவரம் போவாரு. வருஷா வருஷம். இவன் காதைப் பொத்திக்கிட்டே பார்ப்பான்" என்றார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் அப்போதெல்லாம் பந்தயம் நடக்கும். மாமா இறந்தபோது இவருக்குப் பதினோரு வயது. இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் 'விட்டுடுங்க' என்று மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, கற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அவர் கற்றுக்கொண்டாரோ இல்லையோ, நான் கற்றுக்கொண்டேன். பாய் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் என் தலையில் ஏறியது இது: தண்ணீர் முள்ளை நம்பக் கூடாது. இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குத் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு உண்டு. தண்ணீர் 90 டிகிரிப் பக்கம் வந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பிவிடும். அதனால் தண்ணீரின் சூடு பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். ஆயில் அப்படி இல்லை. அது கிராங்கிலும் பிஸ்டனிலும் நேராகப் புழங்குவது. எங்கள் வண்டியில் ஆயிலுக்கும் ஒரு குட்டிக் கூலர் கம்பெனியிலேயே வைத்திருக்கிறார்கள். தண்ணீரோடு உரசிச் சூட்டைக் கொடுத்து வாங்கும். ஊருக்குள் ஓட்ட அது தாராளம், பந்தயப் பாதைக்குப் போதாது. முள் நடுவில் நிற்கும்போதே ஆயில் 130, 140 டிகிரிக்கு ஏறிவிடும்.

வடைச் சட்டியில் எண்ணெய் 170, 180 டிகிரி இருக்கும். 130 என்ன பெரிய சூடு என்று எனக்கும் தோன்றியது. பாய் சிரித்தார். "அது சேம்பர்ல இருக்கற சூடும்மா. பிஸ்டன் வளையத்துகிட்டயும் டர்போவுக்குள்ளயும் இதைவிட எவ்வளவோ அதிகம்." அத்தோடு வடைச் சட்டி எண்ணெய்க்கு வடையைப் பொரிப்பது ஒன்றுதான் வேலை. இன்ஜின் ஆயிலோ சுழலும் இரும்புக்கும் நிற்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய படலமாக நின்று, இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப் போகும். 100 டிகிரியில் இருக்கும் கெட்டி, 130 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். படலம் மெலிந்தால் அழுத்தம் குறையும். அப்போது அளவும் குறைவாக இருந்துவிட்டால்? போரூர் சிக்னல்தான்.

டப்பாவின் மேல் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்றெல்லாம் எழுதியிருப்பதன் அர்த்தமும் அன்றுதான் தெரிந்தது. முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. நம் சென்னையில் அதற்கு அவ்வளவு வேலையில்லை. பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. 40 என்றால் 30-ஐவிடக் கெட்டி. அதற்காக அவரவர் இஷ்டத்துக்கு வாங்கி ஊற்றிவிடக் கூடாது. வண்டியோடு வரும் கையேட்டில் எதெல்லாம் சம்மதம் என்று போட்டிருக்கும். எங்கள் கையேட்டில் இரண்டும் சம்மதம். அதனால் டிராக் டேக்கு முன்னால் 40.

இன்னொன்று, சூட்டில் ஆயில் நீர்த்துப்போவது மட்டுமில்லை, கெட்டும் போகிறது. பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் இரண்டு மடங்கு என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்பளம் பொரித்த எண்ணெயையே நாலாம் நாளும் வைத்துப் பொரித்தால் கறுத்துப் பிசுக்கு ஆகிறதல்லவா, அதேதான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்று கையேடு சொல்வது வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடுகிற வண்டிக்கு. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை சட்டென்று சொன்னார்: "என் ரத்தத்தை வாரத்துக்கு மூணு தடவை சுத்தம் பண்றாங்க. அந்த வண்டிக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையா?" இவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு டிராக் டேக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது என்று அன்றே முடிவாகிவிட்டது. அந்தச் செலவு அவர் கணக்கில். வீட்டுப் பணத்தில் இல்லை.

இதே சாக்கில் நம் காரியத்துக்கு ஆகிற ஒரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பந்தயப் பாதையைக் கண்ணாலும் காணாத வண்டிக்கும் இது பொருந்தும். ஆயில் அதிகமாகச் சுட்டால் மட்டும் கெடுதல் இல்லை. சுடாமலே இருந்தாலும் கெடுதல்தான். காலையில் கிளம்பி ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் சூடாகிவிடும். ஆயில் சூடாகப் பத்துப் பதினைந்து நிமிஷம் பிடிக்கும். இரண்டு கிலோமீட்டரில் பள்ளிக்கூடம், விட்டுவிட்டுத் திரும்பி வந்து அணைத்துவிடுகிறோம். உள்ளே சேரும் ஈரமும், எரியாமல் வழிந்த பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அந்த ஈரம்தான். (நிறைய இருந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தாலோ அது வேறு வியாதி, மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.) நான் இப்போது வாரத்துக்கு ஒரு நாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓடும்படி ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறேன். திருவேற்காடு கோயிலுக்குப் போய் வந்தால் புண்ணியமும் ஆயிற்று.

எங்கள் வண்டியில் ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் ஆயில் சூடும் வரும். வாங்கி மூன்று வருஷமாக அது இருப்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது! 50 டிகிரிக்குக் கீழே வெறும் கோடுதான் காட்டும். எல்லா வண்டியிலும் இது இருக்காது. இல்லாத வண்டிக்குத் தனியாக மீட்டர் வைக்கலாம் என்றார் பாய். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் குறிக்க ஆரம்பித்தேன். ஊருக்குள் 90-லிருந்து 100. வெயில் நாளில் நெடுஞ்சாலையில் 105. ஆவடியில் மத்தியான நெரிசலில், ஏசி போட்டுக்கொண்டு, 108.

அடுத்த டிராக் டேக்கு நானும் போனேன். எலுமிச்சைச் சாதம், மோர், நோட்டு சகிதம். 15 நிமிஷம் ஓட விடுவார்கள், பிறகு ஓய்வு. முதல் சுற்றை மெதுவாக ஓட்டிச் சூடேற்ற வேண்டும். ஆயில் 80 காட்டும்வரை இன்ஜினைக் கத்தவிடக் கூடாது. இரண்டாம் சுற்றில் 112. மூன்றில் 121. நாலில் 129. ஐந்தாவதில் 136. இவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். "பார்த்தேன், ஆனா முன்னாடி போறவனைப் பிடிச்சுடலாம்னு..." என்று இழுத்தார். முன்னால் போகிறவனுக்கு வீட்டில் செவ்வாய்க்கிழமை இல்லை என்றேன்.

அப்போதுதான் எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டோம். 130 என்று திரையில் கண்டால் எதிரே யார் போனாலும் சரி, காலை எடுத்துவிட்டு ஒரு சுற்று ஆற விட வேண்டும். 130 என்பது எங்கள் கணக்கு; நல்ல சிந்தெடிக் ஆயில் அதற்கு மேலும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரு வண்டி.

சூட்டைக் குறைக்கப் பணம் செலவில்லாத வழிகள் சில இருக்கின்றன. வேகத்தைவிட இன்ஜின் சுழலும் சுற்றுத்தான் ஆயிலை அதிகம் சுட வைக்கிறது. மூன்றாவது கியரில் வீறிட வைப்பதற்குப் பதில் கொஞ்சம் முன்னாலேயே நாலுக்கு மாற்றினால் நாலைந்து டிகிரி குறைகிறது, நேரமோ அவ்வளவாகக் குறைவதில்லை. நோட்டில் இருக்கிறது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் தண்ணீரின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துவிடும், ஆயிலுக்கும் சற்று ஆறுதல். சென்னை வெயிலில் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு ஹீட்டரோடு ஒருவர் இறங்கி வருகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும்!

ஆயில் அளவு மேல் கோட்டில் இருக்க வேண்டும். அதற்கு மேலும் கூடாது. நீண்ட வளைவில் ஆயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்துவிடும் அபாயம் உண்டு. குறைவாக இருந்தால் அந்தக் கெடுதல். சரி, தாராளமாக ஊற்றுவோமே என்றால், கிராங்க் அதில் அடித்து மோர் கடைந்த மாதிரி நுரையாக்கிவிடும். நுரை படலம் கட்டாது. சமதளத்தில் நிறுத்தி, அணைத்து ஐந்து பத்து நிமிஷம் கழித்து, ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் இதை நான்தான் செய்கிறேன். அங்கே வரும் பையன்கள் "ஆன்ட்டி, எங்க வண்டியையும் பாருங்களேன்" என்று கூப்பிடுகிறார்கள்.

வேகமாக ஓடி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது என்பதும் முக்கியம். டர்போ நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும். ஆயில் ஓட்டம் நின்றால் அதற்குள் தங்கின ஆயில் கருகிக் கரியாக ஒட்டிக்கொள்ளும். கடைசிச் சுற்றை உயர்ந்த கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல், உலாப் போகிற மாதிரி ஓட்டி வர வேண்டும். வந்தபிறகும் ஓரிரு நிமிஷம் ஓடவிட்டு அணைப்பது எங்கள் வழக்கம். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, சூட்டில் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கிறோம்.

தனியாக ஒரு பெரிய ஆயில் கூலர் வைக்கிற யோசனையும் வந்தது. நண்பர் சொன்னார் என்று ஒரு கடையில் கொடுத்து இவர் பொருத்திக்கொண்டு வந்தார். டிராக் டேயில் 118-க்கு மேல் போகவில்லை. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். நவம்பர் மழையில்தான் கூத்து தெரிந்தது. காலையில் பைபாஸ் ரோட்டில் அரை மணி ஓட்டியும் ஆயில் 68-ஐத் தாண்டவில்லை. பாயிடம் ஓடினேன். கூலருக்கும் ஒரு தெர்மோஸ்டாட் வேண்டுமாம். ஆயில் சூடாகும்வரை அது கூலருக்குப் போகாமல் தடுக்கும். பந்தயத்துக்கே உள்ள வண்டி என்றால் இல்லாமல் சமாளிக்கலாம், தினசரி வண்டிக்கு அது இல்லாமல் கூடவே கூடாது. கடைக்காரர் அதை வைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இரண்டாவது செலவு. அதை வைத்தபிறகு வீட்டுக்கு 90, டிராக்குக்கு 120 என்று இரண்டுக்கும் பொதுவாக வந்து நின்றது. யாராவது கூலர் வைப்பதாக இருந்தால் 'தெர்மோஸ்டாட்டோடுதானே?' என்று முதலில் கேளுங்கள்.

இன்னும் ஒன்று, வீட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. நம் மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில், பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ உபயோகித்தால் பொறுப்பில்லை என்று அச்சிட்டே இருக்கும். பாதையில் போய் இடித்துக்கொண்டால் கைப்பணம்தான். இதை இவரிடம் பாலிசியை விரித்து, விரல் வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு வளைவுகளில் ஒரு நிதானம் வந்திருக்கிறது.

2024 பிப்ரவரியில் ஒரு நாள். வெயில் கொளுத்துகிறது. நான் நோட்டோடு நிற்கிறேன். இவரும், எப்போதும் இவரைக் கேலி செய்கிற நண்பர் ஒருவரும் ஒருவர் பின் ஒருவராக ஓடுகிறார்கள். நாலாவது சுற்றில் இவர் வண்டி வரவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, ஊர்வலத்துச் சாமி மாதிரி ஓரமாக மெதுவாக வருகிறார். நண்பர் எப்போதோ கடந்து போய்விட்டார். இறங்கினவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "நூத்தி முப்பத்தொண்ணு. வெயில்ல கூலரும் திணறுது. எழுதிக்கோ" என்றார். நான் எழுதிக்கொண்டேன். மோர் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை அத்தையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இப்போதெல்லாம் அத்தை முன் சீட்டில்தான் உட்காருகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே வருவார்.

"எவ்வளவும்மா?"

"அறுபத்து நாலு, அத்தை."

"இன்னும் சூடாகலை. மெதுவாவே போ. நேரம் இருக்கு."